மூவேந்தர் சமூகத்திற்கு ஒரு பொத்தான் விஞ்ஞாபனம்

மகாராஜராஜஸ்ரீ உலாவி இயந்திரங்களை ஆண்டருளும் மூவேந்தர் திருச்சமூகத்திற்கு, இணையப் படிவம் கட்டிப் பிழைக்கும் குடியானவன் சாஷ்டாங்கமாக விழுந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் க்ஷேமம் என்று எழுதவே ஆசை; நேற்று மாலை நாலு மணி வரையில் அப்படித்தான் இருந்தது.

கல்யாண மண்டபம் ஒன்றின் முதலாளிக்கு முன்பதிவுப் படிவம் கட்டிக் கொடுத்தேன். பெண்ணைப் பெற்றவர் பதற்றத்தில் 'பதிவு செய்' என்ற பொத்தானை இருமுறை அழுத்திவிட்டால், ஒரே முகூர்த்தத்திற்கு இரண்டு முன்பணம் போய்ச் சேருமே என்று அஞ்சி, ஒரு தரம் அழுத்தியதும் பொத்தான் தானே உறங்கிவிட வேண்டும் என்று அதன் கிளிக்கிலே ஒரு வரி எழுதி வைத்ததுதான் அடியேன் செய்த மகாபாதகம். முதலாளியும், அவருடைய மைத்துனரும், முன்பணப் பேச்சுக்கு வந்திருந்த சமையல் காண்ட்ராக்டரும் சூழ்ந்திருக்க, பரீட்சை ஆரம்பமாயிற்று. சேர நாட்டில் அழுத்தினார்கள். பொத்தான் உறங்கிற்று, படிவமும் நகரவில்லை, ஏனெனில் உறங்குகிற தூதனை அனுப்புவது அந்நாட்டில் சாஸ்திர விரோதமாம். சோழ நாட்டில் படிவம் போயிற்று. ஆனால் பக்கத்தைப் புதுப்பித்த பிறகும் பொத்தான் கண் விழிக்கவில்லை, முன்பு உறங்கியதை மறவாமல் நினைவில் வைத்துக்கொள்ளும் கீர்த்தி அந்நாட்டுக்கு உண்டு. பாண்டிய நாட்டிலோ, 'பதிவு செய்', 'தேதியை மட்டும் பிடித்து வை' என்ற இரண்டில் எது அழுத்தப்பட்டது என்பதை ஃபோகஸ் எதன்மேல் இருக்கிறது என்று பார்த்து அறிய நினைத்திருந்தேன். மௌஸால் அழுத்திய பொத்தானுக்கு ஃபோகஸ் தருகிற சம்பிரதாயமே அங்கே கிடையாதாம். போதாக்குறைக்கு, ஒரே பொத்தான் ஓரிடத்தில் சதுரமாகவும், ஓரிடத்தில் முனை மழுங்கியும், ஓரிடத்தில் சாம்பல் பூசியும், வில், புலி, மீன் என்று மூன்று முத்திரையோடு காட்சியளித்தது. எந்த நாடு எந்த உலாவி என்று சொல்லமாட்டேன். சொன்னால் தாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் சுட்டிக் காட்டுவீர்கள்.

சமையல் காண்ட்ராக்டர் மட்டும் வாய் திறந்தார். "எந்த அடுப்புல வெச்சாலும் சாம்பார் கொதிக்கும் தம்பி. உங்க பட்டன் மட்டும் அடுப்புக்கு அடுப்பு மாறுதே?"

தங்கள் வம்ச சரித்திரம் அறியாதவனல்லன். பொத்தான் என்ற தனி உறுப்பு எச்.டி.எம்.எல். 4 என்னும் சாசனத்தில் 1997 டிசம்பரில் அவதரித்தது. வகை குறிப்பிடாத பொத்தான் படிவத்தை அனுப்பும் பொத்தானே என்று அந்தச் சாசனமே சொல்லிற்று. பிறகு வந்த களப்பிரர் காலத்தை, அதாவது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 ஆண்ட காலத்தை, என்னென்று சொல்வது! வகை எழுதாத பொத்தான் எதையும் அனுப்பாமல் சும்மா நின்றது. வகை எழுதினாலோ, பொத்தானுக்குரிய மதிப்பை விட்டுவிட்டு அதன்மேல் பொறித்த எழுத்தை அனுப்பிற்று. படிவத்தில் நாலு பொத்தான் இருந்து ஒன்றை அழுத்தினால், நாலும் அழுத்தப்பட்டதாகப் பொய்ச்சாட்சி சொல்லிற்று. அந்தக் களப்பிரர் வம்சத்தின் கடைசி வாரிசு 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றார். அதே வருஷம் உலாவி இயற்றுவோரில் பெரியவர்கள் கூடி 'இன்டர்ஆப் 2022' என்ற உடன்படிக்கை செய்துகொண்டபோது, படிவங்களுக்கும் அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கிய கருணையை எண்ணுந்தோறும் மெய் சிலிர்க்கிறது. பொத்தானுக்கு அப்போது வெள்ளிவிழா வயது.

ஐயா, ஒரு பொத்தான். அழுத்தினால் போக வேண்டும். இதற்குக் கால் நூற்றாண்டு போதாதா? நேற்று இராத்திரி இரண்டு மணி வரை மூன்று ஜன்னல்களைத் திறந்துவைத்து ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேனே, அந்தக் கூலியை யார் தருவது? உங்கள் மூன்று கஜானாவில் எதில் போய்க் கேட்பது? முதலாளியிடம் கேட்டால், "ஒரு பட்டனுக்கா பில்லு?" என்கிறார்.

க்ஷமிக்க வேண்டும். சமூகத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

அடியேனே பரிகாரமும் செய்துகொண்டேன். உறக்கத்தைப் பொத்தானின் கிளிக்கிலிருந்து படிவத்தின் சப்மிட் நிகழ்வுக்கு மாற்றினேன், சேரர் மனம் இளகினார். ஆட்டோகம்ப்ளீட்டை 'ஆஃப்' என்று எழுதினேன், சோழர் பழையதை மறந்தார். அழுத்தியது யார் என்று ஃபோகஸைக் கேளாமல் அந்த நிகழ்வின் 'சப்மிட்டர்' என்பவனையே கேட்டேன், பாண்டியரும் வாய் திறந்தார். உறங்கும் பொத்தானின் பெயர் படிவத்தோடு பிரயாணம் செய்யாது என்பதால், அந்தப் பெயரை மறைவான கட்டம் ஒன்றில் எழுதிக் கட்டுச்சோறு போலக் கூடவே அனுப்புகிறேன்.

காலையில் இதைக் காட்டப் போனபோது, முதலாளி மேஜைமேல் இருநூறு பக்க நோட்டு ஒன்றுக்கு மஞ்சள் தடவி வைத்திருந்தார். ஆகவே, தங்கள் அடுத்த உடன்படிக்கைக்கு மண்டபம் தேவைப்பட்டால், தேதியைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடும்படி பிரார்த்திக்கிறேன், மைத்துனர் எழுதிக்கொள்வார்.

இங்ஙனம்,
மூன்று நாட்டுக்கும் வரி கட்டும் குடியானவன்