ஓட வந்த தம்பிக்கு ஒரு கம்மா

வாப்பா, வா. உக்காரு. அந்தக் கல்லுல வேணாம், எறும்பு இருக்கு. இப்பிடி வேப்பமரத்தடிக்கு வா. அதென்னடா கால்ல, செருப்பா சப்பரமா? கண்ணு கூசுதே. எம்புட்டுன்ன? பன்னெண்டாயிரமா? ஆத்தாடி! அந்தக் காசுக்கு எங்கிட்ட ரெண்டு பொட்டக்குட்டி வாங்கியிருக்கலாம்லடா. அதுக பின்னாடி ஓடியிருந்தா ஓட்டத்துக்கு ஓட்டமும் ஆச்சு, ஒரு வருசம் போனா பட்டியில நாலு உருப்படியும் ஆச்சு. இந்தச் செருப்பு குட்டி போடுமா?

‘ஓடுறதுக்கு நல்ல ரூட்டாச் சொல்லுங்க தாத்தா’ங்குற. பச்சையா இருக்கணும், தண்ணி தெரியணும், நெழலு வேணும், ஆளு நடமாட்டம் இருக்கக் கூடாது, ஆனா போன் சிக்னல் மட்டும் இருக்கணும். பொண்ணு பாக்கப் போறவன்கூட இம்புட்டு வக்கனை பேச மாட்டான்டா.

போன வாரம் ஒன்ன மாதிரி ஒருத்தன் வந்தான். ‘கொடைக்கானல் ஏரியச் சுத்தி ஓடிட்டு வந்தேன் தாத்தா, சொர்க்கம்’னான். நல்லாத்தேன் இருக்கும், யாரு இல்லேன்னா? மதுரையிலேர்ந்து 120 கிலோமீட்டர் இருக்கும். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கிட்டே கார்ல மலையேறி, அங்கன அஞ்சு கிலோமீட்டர் ஓடிட்டு, மறுக்கா 120 கிலோமீட்டர் எறங்கி வந்துருக்கான். ஓடுனது இவனா, காரா? அது போக, அந்த ஊரு 7000 அடி ஒசரம். காத்து லேசு. போன அன்னைக்கே வேட்டிய மடிச்சுக் கட்டி ஓடுனா நாக்குத் தள்ளிரும். போறதுன்னா முத நாளு சும்மா நடந்து பாரு. மறுநா ஓடு.

ஆனா அவனுக்குத் தெரியாத சங்கதி ஒண்ணு இருக்கு. அந்த ஏரி சாமி கொடுத்ததில்ல. மதுரைக்குக் கலெக்டரா இருந்த லெவிஞ்சுங்கிற தொரை 1863ல ஓடைய மறிச்சுக் கரை போட்டுத் தேக்குனது. ஓடைய மறிச்சுக் கரை போட்டுத் தண்ணியத் தேக்குனா அதுக்கு எங்க ஊர்ல என்ன பேரு? கம்மா! தொரை கட்டுனா லேக்கு, எம் பாட்டன் கட்டுனா குட்டையா? நல்லா இருக்குடா ஒங்க ஞாயம்.

எங்க கம்மாய்க்கே வா. கரை முக்கா மைலு போகும். ரெண்டு பக்கமும் பனை, நடுவால ஒத்தையடித் தடம். வெள்ளன அஞ்சரைக்கு வந்தா தண்ணி மேல பொகை மாதிரி பனி நிக்கும். நாரை ஒத்தக் கால்ல நின்னு ஒன்னையப் பாக்கும். நீ போனைப் பாத்துக்கிட்டு, ‘இது லூப்பா இல்லையே தாத்தா’ம்ப. கம்மாய்க்கு ஏதுடா லூப்பு? தண்ணி மேட்டுலேர்ந்து வருது. மேட்டுப் பக்கம் தெறந்து கெடக்கணும், பள்ளத்துப் பக்கந்தேன் கரை. அதுனாலதேன் பெறை நெலா மாதிரி வளைஞ்சு கெடக்கு. ஒனக்கு லூப்பு வேணுமின்னு சுத்திக் கரை போட்டா தண்ணி எங்கிட்டுக் கூடி உள்ள வரும், ஒந்தலை வழியாவா? இந்தக் கோடியிலேர்ந்து கலுங்கு வரைக்கும் ஓடு, திரும்பி வா. அம்புட்டுத்தேன்.

கலுங்கு தெரியும்ல? கம்மா நெறஞ்சா மிச்சத்தண்ணி வழிஞ்சு அடுத்த கம்மாய்க்குப் போறதுக்குக் கட்டுன கல்லுக்கட்டு. ஐப்பசி, கார்த்தியில அது மேல தண்ணி போறப்ப அழகுதேன். அந்நேரம் செல்பி எடுக்க எறங்கிறாத. பாசி. வழுக்குனா அடுத்த கம்மாயிலதேன் ஒன்னையத் தேடணும்.

மழை பேஞ்ச மறுநாளும் கரைப்பக்கம் வராத. தார் ரோட்டவிட இந்த மண்ணு முழங்காலுக்கு மெத்துன்னு இருக்கும், வாஸ்தவம். ஆனா ஈரமாயிருச்சுன்னா ஒன் பன்னெண்டாயிரத்தக் கழட்டித் தங்கிட்டயே வச்சுக்கிரும். அதுகூடப் பரவால்ல, ஒங் காசு. ஈரக்கரையில நாலு பேரு தடதடன்னு ஓடித் தடம் விழுந்துச்சுன்னா அந்தப் பள்ளத்துல அடுத்த மழைத்தண்ணி நிக்கும், கரை எளகும். நண்டு வளைக்கும் எலி வளைக்கும் காவக் காக்குறதே எங்களுக்குப் பெரும்பாடு. இதுல ஒனக்கும் சேத்தா காவக் காக்க?

செருப்புன்னதும் ஞாபகம் வருது. டீக்கடைப் பேப்பர்ல படிச்சேன். எத்தியோப்பியாக்காரன் ஒருத்தன், அபேபே பிகிலான்னு பேரு. 1960ல ரோமாபுரி ஒலிம்பிக்குல 42 கிலோமீட்டர் ஓட்டத்த வெறுங்கால்ல ஓடித் தங்கம் வாங்கிருக்கான். நாலு வருசம் கழிச்சு டோக்கியோவுல செருப்பப் போட்டுக்கிட்டு ஓடுனான், அதுலயும் அவனுக்குத்தேன் தங்கம். அப்ப ஓடுனது செருப்பாடா? உடனே நீ வெறுங்கால்ல எறங்கிறாத. இங்க சீமைக்கருவேல முள்ளு கெடக்கு. அதுக்கு ஒலிம்பிக்கெல்லாம் தெரியாது.

கையில அதென்ன, கடிகாரமா கணக்கப்பிள்ளையா? பத்தாயிரம் அடி நடந்தாத்தேன் படுக்க விடுமாம்ல. போன மாசம் எம் பேரன் ராத்திரி பதினோரு மணிக்கு முத்தத்துல அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறான். நாயி பின்னாடியே நடக்குது. திருடன்னு நெனச்சு கம்பத் தூக்கிட்டு வந்தவ ஒங்க பாட்டி. என்னடான்னா, ‘இன்னும் முந்நூறு அடி பாக்கி’ங்குறான். வட்டிக்கடையில வாங்குன கடனா அது? அந்தப் பத்தாயிரம் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? 1965ல சப்பான்ல ஒரு கம்பெனி, நடக்குற அடிய எண்ணுறதுக்கு இடுப்புல மாட்டுற கருவி ஒண்ணு வித்துச்சு. அதுக்கு வச்ச பேரே ‘பத்தாயிரம் அடி மானி’. வைத்தியன் நாடி பாத்துச் சொன்னதில்லடா, யாவாரி சரக்குக்கு வச்ச பேரு. நடக்குறது நல்லதுதேன், அதுல மாத்துப் பேச்சு இல்ல. ஆனா ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துல நின்னா மாரடைச்சிருமா?

இன்னொண்ணு கேளு. ஒரு ஞாயித்துக்கெழம மதுரைப் பயலுக நாலு பேரு வந்தானுக. ஒரே மாதிரி சட்டை, காதுல ஆளுக்கு ரெண்டு அடைப்பான். எதுத்தாப்புல நம்ம ஊர்க்காரன் எருமை ஓட்டிக்கிட்டு வாரான். ‘ஒதுங்கு, ஒதுங்கு’ன்னு தொண்டை கிழியக் கத்துறான். காதுல விழுந்தாத்தான? முன்னாடி ஓடுனவன் தலையக் குனிஞ்சு கடிகாரத்தப் பாத்துக்கிட்டே போயி எருமை மூஞ்சியில நின்னான். எருமை ஒண்ணும் பண்ணல. தலையத் தூக்கி ‘ஃபூ’ன்னு ஒரு மூச்சு விட்டுச்சு. அம்புட்டுத்தேன்! மூணு பேரு கம்மா உள்வாய்ச் சகதியில கெடந்தானுக. நாலாவது ஆளு போட்டோ எடுத்துக்கிட்டு நின்னான். எருமை அதுபாட்டுக்குப் போயிருச்சு. அதுக்கு அது தெனமும் போற ரூட்டு.

கழுவித் தொடச்சுத் திண்ணையில உக்கார வச்சு, ஒங்க பாட்டி நீராகாரம் கொண்டாந்தா. ரெண்டு உள்ளியத் தட்டிப் போட்டு, உப்புப் போட்டு. சகதியில விழுந்தவன் செம்பக் கையில வாங்கிக்கிட்டு, ‘இதுல எவ்வளவு கலோரி பாட்டி?’ன்னு கேட்டான். அவ ஒரு நிமிசம் யோசிச்சா. ‘ஒரு செம்புய்யா’ன்னா.

நாயி வந்தா மட்டும் ஓடாத. நின்னுரு. ஓடுனா அதுக்கும் வெளையாட்டுத்தேன்.

இதத் தாண்டியும் போகணுமா? திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி இருக்கு, 1977லேர்ந்து பறவைச் சரணாலயம். அந்தப் பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டி சனம் தீபாவளிக்கு வெடி போடுறதில்ல. கம்மாயில கூடு கட்டிருக்குற பறவை கலைஞ்சுரும்னு பச்சப்புள்ளைக்குக்கூட வெடி வாங்கித் தர மாட்டாக. அங்க போயி நீ இடுப்புல ஸ்பீக்கரக் கட்டிக்கிட்டு குத்துப்பாட்டோட ஓடுனீன்னு வையி, பறவை சும்மா விட்டாலும் அந்த ஊர்க் கெழவிக விட மாட்டாளுக. கரைப் பக்கம் ஓட்டமே வேணாம். நட. அதுவும் மெல்ல.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இருக்கு. ஏழு மலை, ஊரச் சுத்திக் கம்மாயும் சுனையும், பாறை இடுக்குல வல்லூறு. ரெண்டாயிரம் வருசத்துத் தமிழி எழுத்து மலைக்கொகையில இருக்கு. தமிழ்நாட்டுலயே மொத பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு 2022ல அறிவிச்சாக. ரெண்டு வருசங்கூட ஆகல, டங்ஸ்டன் சொரங்கம் தோண்ட அந்தப் பக்கத்த ஏலம் விட்டாக. அந்தச் சனம் என்ன பண்ணுச்சு தெரியுமா? நரசிங்கம்பட்டியிலேர்ந்து மதுரைக்கு நடந்துச்சு. ஆம்பள, பொம்பள, கெழடு, கட்டை எல்லாம். 2025 சனவரி அது. அந்த மாசம் முடியிறதுக்குள்ள ஏலம் ரத்து. அவுக எத்தன அடி நடந்தாகன்னு எந்தக் கடிகாரமும் எண்ணல. அதுனாலதேன் இன்னைக்கு நீ அங்கன ஓடுறதுக்கு மலைன்னு ஒண்ணு நிக்கிது. போனா அந்த எழுத்துப் பக்கத்துல ஒம் பேரக் கிறுக்கி வச்சுறாத, ஆமா.

சரி, எந்திரி. வெயிலு ஏறுது. கலுங்கு வரைக்கும் ஒரு ஓட்டம் போயிட்டு வா. போறப்ப, அந்தா, பனைக்கு அங்கிட்டு ஒத்தக்கொம்பு கருப்பாடு ஒண்ணு மேயுது பாரு, திரும்பி வாரப்ப அதையும் பத்திக்கிட்டு வந்துரு. லேசுல பிடிபடாது, கரைக்கும் உள்வாய்க்கும் நாலு தரம் இழுக்கும். என்னடா முழிக்கிற? கடிகாரத்துல சார்ஜ் போயிருச்சா? ஓடுறது கணக்குல வராதுங்கிறியா?

நீ ஓடு அப்பு. நான் இங்கன உக்காந்து எண்ணுறேன்.