கடல் கிளாக்கர்

வீட்டு ஹோலில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதற்குள் உப்புத் தண்ணீரும் முருகைக்கல்லும் மீனுமாக ஒரு துண்டுக் கடலை வருடக்கணக்கில் வளர்த்து வருபவரைப் பற்றிச் சொந்தக்காரர் எல்லோரும் சொல்வது, மனிதர் கடல்மேல் பைத்தியம் என்பதுதான். அது பிழை. கடற்பைத்தியத்தைத் திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியில் கண்டுபிடிப்பது சுலபம். விடியற்காலையில் கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றோடு நிற்பார். இல்லாவிட்டால் கண் சிவக்கும்வரை தண்ணீருக்குள் கிடந்துவிட்டு வந்து வீட்டில் பேச்சு வாங்குவார். தொட்டிக்காரர் இரண்டும் செய்யமாட்டார். கால் நனைந்தால் தடிமன் பிடிக்கும் என்று பயப்படுகிற ரகம் அவர். என் கட்சி இதுதான்: தொட்டிக்காரர் கடற்பிரியர் அல்லர், கச்சேரியில் இருந்திருக்க வேண்டிய கிளாக்கர். பேரேடும் சுற்றறிக்கையும் கைக்கு வராத குறையைத் தீர்க்க ஒரு கடலைக் கொண்டுவந்து வைத்து நிர்வாகம் பண்ணுகிறார். முப்பது வருடம் தாக்குப்பிடித்த தொட்டி எங்காவது இருந்தால், அதைக் காப்பாற்றியது பாசமல்ல, இந்த நிர்வாகக் குணம்தான்.

முதலில் இவர் எங்கே வசிக்கிறார் என்று பார்க்கவேண்டும். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. வெள்ளைக்காரக் கடற்படை ஒரு காலத்தில் சுட்டுப் பழகிய இடம். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவான 471 ஹெக்டேயர் கடலும் தீவும். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவைப் பக்கத்து முருகை வெளிறிச் செத்தபோதும் பெரும்பாலும் தப்பியது திருகோணமலைப் பக்கந்தான். ஆனால் அங்கிருந்து ஒரு விரல் முருகையைக்கூட உடைத்து வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கல்முருகை இலங்கைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பாக்கு நீரிணையைத் தாண்டினாலும் விமோசனம் இல்லை. இந்தியா 2001இல் கல்முருகைகளை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே வரிசையில் ஏற்றிவிட்டது. ஆகவே முருகை வளர்க்க ஆசைப்படும் நிலாவெளிக்காரர் முதலில் நிலாவெளியை விட்டுப் புறப்படவேண்டும். அவர் புறப்பட்டது வேறு காரணத்துக்காக, எண்பதுகளில். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. போய்ச் சேர்ந்தது ஸ்காபரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ. அங்கே வாசலில் பனி கொட்டுகிறது, உள்ளே ஹீற்றர் பூட்டிய தண்ணீர் 26 பாகையில் நிற்கிறது, அதற்குள் முருகை கிளைவிடுகிறது. அந்த முருகையும் கடலிலிருந்து வந்ததில்லை. பெர்லினில் டீற்றிச் ஸ்ரூபர் என்பவர் வளர்த்த ஒரே கிளைமுருகையை ஒடித்து ஒடித்துப் பகிர்ந்து ஐரோப்பாவெங்கும் தொட்டிகள் நிரம்பின. அதுபோல வேறொரு தொட்டிக்காரர் வீட்டில் ஒடித்துக் கொடுத்த துண்டு. சொந்த ஊரைப் பார்த்தே இராத முருகை.

ஊரிலேயே தங்கிவிட்ட சிறு கிளை ஒன்றும் உண்டு. முருகை இல்லாமல் மீனும் வெறுங்கல்லுமாகக் காலம் தள்ளும் இவர்களிடத்தில்தான் கிளாக்கர் குணம் இன்னும் துலக்கமாகத் தெரியும். அலை இரைகிற சத்தம் கேட்கும் வீட்டில் இருந்துகொண்டு, கொழும்பிலிருந்து பைக்கற் உப்பு எடுப்பிக்கிறார். திருகோணமலையில் பஸ் மாறி, உப்புவெளியைத் தாண்டி, நிலாவெளிக்கு வெளிநாட்டு உப்பு வந்து இறங்குகிறது. சிரிக்கலாம், ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. மாரியில் கரையோரத் தண்ணீர் கலங்கி, மழைவெள்ளம் சேர்ந்து உப்புக் குறைந்து கிடக்கும். உப்பளத்து உப்பும் உதவாது. உப்புநீர் வற்றும்போது கல்சியம் முந்திப் படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. நடுவில் எடுப்பது சமையலுக்கான சங்கதி. அதைத் திரும்பக் கரைத்தால் உப்புக்கரிக்கும், கடலாகாது. கடல் என்றால் லீற்றருக்கு 35 கிராம் உப்பு, அதில் கல்சியம் ஏறக்குறைய 420 மில்லிகிராம், மக்னீசியம் அதைப்போல மூன்று மடங்கு. நானூறு லீற்றர் தொட்டிக்கு 14 கிலோ உப்பு. கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் வருடத்துக்கு இன்னுமொரு 70 கிலோ சொச்சம். இதெல்லாம் கொப்பியில் திகதி போட்டு எழுதப்படும். ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பு அங்கேயே நிற்கும், ஆதலால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றவேண்டும், அதுவும் எழுதப்படும். பிள்ளைகளின் பிறந்தநாளை மறப்பவருக்கு, போன மாசி மாதம் நைத்திரேற்று எவ்வளவு இருந்தது என்பது மனப்பாடம்.

சுற்றறிக்கைகளை இவர் கையாளும் விதம் இன்னொரு சாட்சி. 1961இலேயே இந்தோனேசியாவில் லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறையும் கொஞ்சம் காற்றுக் குமிழியும் போதும் என்று எழுதிவிட்டார். அவ்வளவு சுலபமாக இருந்தால் நிர்வாகம் எதற்கு? மேற்கு உலகம் அதை மெத்தனமாக விட்டுவிட்டது. 1986இல் ஜோர்ஜ் ஸ்மிட் என்பவர் அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் எழுதியதைப் பார்த்து, தொட்டிக்காரர் எல்லோரும் தண்ணீர் சொட்டும் வடிகட்டிப் பெட்டிகளில் பிளாஸ்ரிக் பந்துகளை நிரப்பினார்கள். சில வருடத்தில் பந்துகள் நைத்திரேற்றுத் தொழிற்சாலை என்று தீர்ப்பாகி, அள்ளிக் குப்பையில் போட்டார்கள். பிறகு அரை அடி மணல். பிறகு மணலே வேண்டாம். பொஸ்பேற்று பூச்சியமாக இருக்கவேண்டும் என்று கொஞ்சக் காலம். முருகை பட்டினியில் வெளிறியதும், போத்தலில் பொஸ்பேற்று வாங்கி ஊற்றவேண்டும் என்று இப்போது. இந்த உத்தரவுகள் எல்லாவற்றையும் உடனுக்குடன் நிறைவேற்றியவர்களின் தொட்டிகள் இன்று இல்லை. முப்பது வருடக்காரர் சுற்றறிக்கையை வாசித்து, கையொப்பம் வைத்து, கோவைக்குள் போட்டுவிட்டு, பழையபடி கிழமைக்குக் கிழமை தண்ணீர் மாற்றியவர். அவர் மதித்த ஒரே உத்தரவு சுண்ணாம்புத் தண்ணீர். எழுபதுகளில் பீற்றர் வில்கன்ஸ் பரப்பிய முறை அது: நீறிய சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முருகை அந்தக் கல்சியத்தை எடுத்து உடம்பு கட்டும். அதே காலத்தில் இலங்கையின் தென்மேற்குக் கரையில் முருகையை வெட்டிச் சூளையில் போட்டுச் சுண்ணாம்பாக்கிக்கொண்டிருந்தார்கள். 1988இல் சட்டம் வந்துதான் அதைத் தடைசெய்தது. ஒருபக்கம் முருகையைச் சுண்ணாம்பாக்கும் சூளை, மறுபக்கம் சுண்ணாம்பை முருகையாக்கும் போத்தல். இரண்டில் எது பைத்தியம் என்று தொட்டிக்காரரின் சொந்தக்காரர் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இவரும் கடலைக் கொள்ளையடிப்பவர்தானே என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. தென்மேற்குப் பருவம் மேற்குக் கரையை மூடியதும், அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகள் கிழக்குக்கு இடம்பெயர்கிறார்கள். பிடித்த மீன் பொலித்தீன் பையில் ஒட்சிசனோடு கொழும்பு போய், விமானம் ஏறுகிறது. தொட்டிகளுக்குப் போகும் கடல்மீன் வகைகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் கடலில் பிடித்தவையே. கோமாளி மீன் போன்ற சிலவற்றைத்தான் தாராளமாகக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். இதிலிருந்து தொட்டிக்காரரை முழுதாக விடுவிக்க நான் தயாரில்லை. ஆனால் குற்றத்தை அளந்து பங்கிட்டால் பெரும்பங்கு இவருக்கு வராது. படம் பார்த்துவிட்டு பிள்ளை கேட்டது என்று சனிக்கிழமை தொட்டியும் ஞாயிற்றுக்கிழமை மீனும் வாங்கி, புதன்கிழமை அமோனியாவில் சாகடித்து, அடுத்த சனி மறுபடி கடைக்குப் போகிற உற்சாகியின் கணக்கில்தான் சேரும். அந்த ஆளுக்குத்தான் மீன்மேல் நிஜமான பாசம். கிளாக்கரிடம் பாசம் இல்லை. ஆனால் அவரிடமுள்ள கோமாளி மீன் இருபது வருடம் தாண்டியும் இருக்கிறது. கடைக்காரருக்கு இவரைக் கண்டால் பிடிக்காததற்கு அது ஒன்றே போதும்.

எந்தக் கிளாக்கருக்கும் பியோன் வேண்டும். 1846இல் அன்னா தின் என்ற பிரித்தானியச் சீமாட்டி டோர்க்கி கடற்கரையிலிருந்து முருகைகளை லண்டனுக்குக் கொண்டுபோய் வீட்டில் வளர்த்தார். இந்தப் பரம்பரைக்கே மூத்தவர் அவர்தான். நாளும் முக்கால் மணி நேரமளவு திறந்த யன்னல் முன்னால் நின்று, காற்றுக் கலக்கும்படி அந்தத் தண்ணீரை ஏனத்துக்கு ஏனம் மாற்றி மாற்றி ஊற்றியது வீட்டு வேலைக்காரப் பெண். உலகத்து முதல் தொட்டி மோட்டார் ஒரு பெண்ணின் இரண்டு கைகள். மோட்டார் வந்த பிறகும் அந்தப் பதவி ஒழிக்கப்படவில்லை. 2022இல் இலங்கையில் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் நின்றபோது, ஓட்டம் நின்ற தண்ணீரில் ஒட்சிசன் குறையாமல் கிண்ணத்தால் மொண்டு மொண்டு ஊற்றச் சொல்லப்பட்டவர் யார் என்று ஊகிக்க அதிக கற்பனை வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் கலியாணம் என்றால், “நீங்கள் போட்டு வாங்கோ, தொட்டியை ஆர் பாக்கிறது?” என்பார் மனிதர். “நீங்கள் பாருங்கோ, நான் போறன்” என்று மனைவி பதினைந்து வருடமாக ஒவ்வொரு கலியாணத்துக்கும் தனியே போய், இப்போது அதுவே பழகிவிட்டது. அவர் வராததில் சனத்துக்கும் நிம்மதி. வந்தால் பந்தியில் பக்கத்து ஆளுக்கு கார அளவு விளக்குவார்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கண்டார் என்பதுதான் கடைசிக் கேள்வி. விருந்துக்கு வரும் மாமா தொட்டிக்கு முன்னால் குனிந்து, “உதைப் பொரிக்கலாமோ, குழம்புதானோ?” என்று கேட்பார். அவர் போனபின் தொட்டியில் ஒன்றும் நடக்காது. கோமாளி மீன் கூட்டத்தில் பெரியது பெண், அடுத்தது ஆண், மிச்சமெல்லாம் தகுதிகாண் நிலை. பெண் செத்தால் ஆண் பெண்ணாகி மேலே போகும், மூன்றாவது ஆணாகி அடுத்த கதிரைக்கு வரும். இப்படி ஒரு பதவியுயர்வு இருபது வருடத்தில் ஒருதடவை நடந்தால் அதிகம். அழகு பார்க்கத்தான் வளர்க்கிறார் என்பவர்கள் அவரை மாலையில் ஒருதரம் கவனிக்கவேண்டும். முருகை விரிவதை அவர் பார்ப்பதில்லை. வெப்பமானியைப் பார்க்கிறார், நேற்றுப்போலவே இருக்கிறது, முகம் மலர்கிறது. 1983 கலவரம், 1990 யுத்தம், 2004 டிசெம்பர் சுனாமி என்று, போதும் போதும் என்கிற அளவுக்கு எல்லாம் நடந்துமுடிந்த கரையிலிருந்து வந்தவருக்கு, இன்றும் நேற்றும் ஒன்றாக இருக்கும் நானூறு லீற்றர் கிடைப்பது சின்ன விஷயமல்ல.

ஆடி ஆவணியில் ஊருக்கு வந்தால் கடல் அமைதி. பிள்ளைகளுக்காகப் புறாத்தீவுப் படகில் ஏறுவார். வரிவரியாக வண்ணாத்தி மீன் கீழே போகும், எல்லோரும் கத்துவார்கள். இவர் கண் செத்த முருகைமேல் படர்ந்த பாசியில் நிற்கும். “நைத்திரேற்று கூடிட்டுது” என்பார் யாரிடமும் இல்லாமல். முகமூடி மாட்டியவர்கள் களைத்துப்போய் உயிருள்ள முருகைமேலேயே காலூன்றி நிற்பதைக் கண்டு அரைவாசி எழும்புவார், படகு ஆடும், மனைவி கையைப் பிடித்து இருத்துவார். பிறகு பையிலிருந்து வெப்பமானியை எடுத்துத் தண்ணீருக்குள் பிடித்து, நேரம் பார்த்து, தலையில் கைவைப்பார்.

“முப்பது தாண்டிட்டுது தம்பி.”

படகோட்டி தீவுக்கரையில் நிற்கும் சனத்தை ஒருதரம் கண்ணால் எண்ணிவிட்டுச் சொல்வான்: “இது என்னண்ணை முப்பது? ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கோ.”