தனியருக்கு என்ன வியாதி?

வியாதிகளில் விடுப்பு விண்ணப்பத்தில் எழுதத் தக்கவை, தகாதவை என்று இரண்டு வகை உண்டு. காய்ச்சல் எந்த மேசைக்கும் தலைநிமிர்ந்து போகும். மஞ்சள் காமாலைக்குத் தனி மரியாதை. கீழாநெல்லி அரைத்துத் தர ஆளாளுக்கு முன்வருவார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பதவி உயர்வோடு வருபவை, சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் பெருமைகூட. ஆனால் மூலம், விரைவீக்கம், படர்தாமரை, மனச்சோர்வு இவற்றைப் பெயர் சொல்லி எழுதிய அரசு ஊழியரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. சான்றில் ஏறும்போது எல்லாமே ‘கடும் முதுகுவலி’ ஆகிவிடும். எங்கள் பிரிவில் நிஜமாகவே முதுகு வலித்த ஒருவர் இருந்தார். “என்னத்தையோ மறைக்கிறாரு” என்று கடைசிவரை அவரை யாரும் நம்பவில்லை.

தற்செயல் விடுப்பு வருஷத்துக்கு 12 நாள். அதற்குள் படுத்து எழுந்துவிட்டால் மானம் தப்பியது. ‘உடல்நலக் குறைவு’ என்பதோடு விட்டுவிடுவார்கள். அதைத் தாண்டினால் மருத்துவ விடுப்பு. 1933-ல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட விடுப்பு விதிகள்தான் இன்றும் நம்மை ஆள்கின்றன. போகும்போது மருத்துவச் சான்று, திரும்பும்போது உடற்தகுதிச் சான்று.

சான்று முதலில் தபால் பிரிவுக்குப் போகும். முழுக்கப் படித்தால்தான் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியுமாம். (பிரிவின் பெயர் உறைமேலேயே இருக்கும்.) பிறகு வியாதிக்கு ஒரு ந.க. எண் விழும். தன்பதிவேட்டில் ஏறும். உதவியாளர் குறிப்பு வைப்பார், சூப்பிரண்டு திருத்துவார். எங்கள் சூப்பிரண்டு ஒருமுறை டாக்டர் எழுதிய வியாதிக்கே ஸ்பெல்லிங் திருத்தியிருக்கிறார். கடைசியில் ‘தனியர் இன்ன நோயினால் பாதிக்கப்பட்டு’ என்று ஆணை வரும். அதன் அடியில், நகல்: தனியர், கருவூலம், பணிப்பதிவேடு, இருப்புக் கோப்பு. வியாதி குணமாகிவிடும், பணிப்பதிவேட்டில் ஏறியது பென்ஷன் வரைக்கும் கூடவே வரும்.

இந்தப் பாதை தெரிந்தவன் என்பதால், என் அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டரிடம் கெஞ்சி, ‘அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வு தேவை’ என்று மட்டும் எழுதி வாங்கினேன். குடலிறக்கமோ பித்தப்பைக் கல்லோ, அவரவர் விருப்பப்படி நினைத்துக்கொள்ளட்டும். விடுப்பு முடிந்து திரும்பியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருந்தது. என் நாற்காலியில் மட்டும், நடுவில் ஓட்டை போட்ட வட்டத் தலையணை ஒன்று புதிதாக இருந்தது. டிரைவர் அண்ணன் வந்து, “துத்திக் கீரையைச் சின்ன வெங்காயம் போட்டு வதக்கிச் சாப்பிடுங்க சார், கருணைக்கிழங்கை விட்டுறாதீங்க” என்று காதருகில் சொல்லிவிட்டுப் போனார். சான்றை எடுத்துப் பார்த்தேன். வாசகம் கெஞ்சியபடியே இருந்தது. அதன் கீழே, ஊதா மையில், எழுத்துக்கு எழுத்துத் தெளிவாக, ரப்பர் முத்திரை: ‘மூலம், பௌத்திரம் சிறப்பு மருத்துவர்.’

டாக்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த நடத்தை விதிகளின்படி நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது. நீதிமன்றம், தொற்று அபாயம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. அதே விதிகளின் பின்னிணைப்பில் விடுப்புச் சான்றுக்கு ஒரு மாதிரிப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ‘இன்னாரை நன்றாகப் பரிசோதித்தேன், அவர் ________ நோயால் அவதிப்படுகிறார்’ என்று கோடிட்ட இடம். வாயைப் பொத்தச் சொன்ன கையே பேனாவையும் எடுத்துக் கொடுக்கிறது. கூடவே ஓர் அங்க அடையாளமாவது குறிக்க வேண்டும். அது பரவாயில்லை. என் இடது தோள் மச்சம் பள்ளிக்கூட டி.சி.யிலேயே ஊரறிய ஏறிவிட்டது.

டாக்டர்களின் கிறுக்கல் கையெழுத்து ஒன்றுதான் ரொம்ப காலம் நம்மைக் காப்பாற்றி வந்தது. 2016-ல் அதற்கும் கண் பட்டது. மருந்துச் சீட்டைப் புரியும்படி, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி விதியைத் திருத்தினார்கள். மருந்துக்கடைக்காரருக்கு நல்லதுதான். ஆனால் சீட்டையும் இணைக்கச் சொல்கிற சூப்பிரண்டுக்கும் அது அதே அளவு நல்லதாகிவிட்டது.

இதில் முழு அந்தரங்கம் வாய்த்த வியாதி ஒன்றே ஒன்றுதான்: பெண் ஊழியர்கள் சொல்லும் வயிற்றுவலி. அதைக் கேட்டதும் எங்கள் சூப்பிரண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மச்சினன் மகன் வந்திருந்தபோது இதைப் பேசினோம். அங்கே முதலாளிக்குப் போகும் சான்றில் நோயின் பெயர் இருக்காதாம், தேதிகள் மட்டும்தான். பொதுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு 2023 முதல் அந்தக் காகிதமும் இல்லை. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கம்ப்யூட்டர் வழியே முதலாளி தேதிகளை எடுத்துக்கொள்ளலாம், எந்த டாக்டர் என்பதுகூட அவருக்குத் தெரியாது. எனக்கு ஊதா முத்திரை ஞாபகம் வந்து பெருமூச்சு விட்டேன். சூப்பிரண்டிடம் சொன்னபோது அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். “என்ன வியாதின்னே தெரியாம எப்படி சார் போய் விசாரிப்பாங்க? சர்க்கரைக்காரன் வீட்டுக்கு ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போயிட்டா?”

பக்கத்துப் பிரிவில் ஓர் இளநிலை உதவியாளர், சட்டம் படித்தவர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னதை அடிக்கடி எடுத்துச் சொல்வார். எங்கள் பிரிவிலும் ஒன்பது பேர்தான், நாங்களும் ஒருமனதுதான், தீர்ப்புதான் வேறு. அவர் மருத்துவ விடுப்பில் போகும்போது சான்றை உறையிலிட்டு ஒட்டி, மேலே சிவப்பு மையில் ‘மந்தணம்’ என்று எழுதிக் கொடுத்தார்.

“பொருள்னு ஒரு கலம் இருக்கே, என்ன எழுத?” என்றார் தபால் பிரிவுக்காரர்.

“விடுப்புன்னு எழுதுங்க.”

“விடுப்புல என்ன சார் மந்தணம்?”

மதியச் சாப்பாட்டுக்குள் அவருக்குக் கிட்னி போய்விட்டது. மூன்று மணி டீயின்போது, அவரை அடையாறு பக்கம் பார்த்ததாக ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார். சாயங்காலம் சங்கச் செயலாளர் தாள் ஒன்றில் கோடு போட்டு வசூல் ஆரம்பித்துவிட்டார், ஆளுக்கு ஐந்நூறு. இரவு அவர் மனைவிக்கு யாரோ போன் செய்து, “தைரியமா இரும்மா” என்றிருக்கிறார்கள்.

மறுநாள் காலை மனிதர் காலை அகட்டி அகட்டி நடந்து அலுவலகத்துக்கே வந்துவிட்டார். உறையை வாங்கிக் கிழித்து, கீழே போய் ஜெராக்ஸ் எடுத்து வந்து, மேசைக்கு ஒன்றாக வைத்தார். விரைவீக்கம்.

சூப்பிரண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். பிறகு தாளை அவரிடமே நீட்டி, “நகல்ல சான்றொப்பம் இல்லையேப்பா” என்றார்.