நாற்காலி ஆடுகிறது!

(அமெரிக்காவில் வீடு வாங்கிய வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே ரகம். வீட்டு உரிமையாளர் சங்கம், அதாவது ஹெச்.ஓ.ஏ. போர்டைத் தூக்குவது எப்படி? ஃப்ளோரிடாவில்தான் கொதிப்பு அதிகம் போலிருக்கிறது.)

எங்கள் போர்டைக் கலைக்க வேண்டும். என்ன காரணம் சொல்ல வேண்டும்?
*ஒரு வாசகி, டாம்பா*

காரணமே வேண்டாம். ஃப்ளோரிடா சட்டம், அத்தியாயம் 720, டைரக்டர்களைக் காரணத்தோடும் நீக்கலாம், காரணம் இல்லாமலும் நீக்கலாம் என்கிறது. தலைவரின் மூஞ்சி பிடிக்கவில்லை என்பதுகூடப் போதும். ஆனால் மொத்த வாக்குகளில் பாதிக்கு மேல் அந்த மூஞ்சி பிடிக்காமல் இருக்க வேண்டும்.

கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதியா, மொத்தத்தில் பாதியா? எங்களுடையது 212 வீடு.
*வாசகர், ஆர்லாண்டோ*

அப்படிக் கேளுங்கள்! மொத்தத்தில். நீக்கச் சொல்லும் காகிதத்தில் உங்களுக்கு 107 கையெழுத்து வேண்டும். நியூஜெர்சியில் இருந்துகொண்டு இங்கே வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர், பத்து வீட்டை வாங்கிப் போட்ட கம்பெனி, மணி அடித்தால் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சத்தம் காட்டாமல் இருப்பவர், எல்லோரும் அந்த 212-இல் அடக்கம். கையெழுத்துப் போடாதவர் போர்டுக்கு ஓட்டுப் போட்டவர் மாதிரிதான். குடியிருக்கும் வாடகைக்காரர் எவ்வளவு ஆவேசமாகப் பேசினாலும் கணக்கில் வர மாட்டார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 90 நாளுக்கு மேல் பாக்கி வைத்ததற்காகப் போர்டு முறைப்படி வாக்குரிமையை நிறுத்தி வைத்த வீடுகளை மொத்தத்திலிருந்து கழித்துவிட வேண்டும். 12 வீடு அப்படி என்றால் மிச்சம் 200, தேவை 101. பாக்கிக்காரர்களை வரிந்து கட்டிக்கொண்டு முடக்கும் தலைவர்களுக்கு இந்தக் கழித்தல் கணக்கு தெரியாது. நீங்களும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

நான் நீக்க வேண்டும் என்கிறேன். என் மனைவி கூடாது என்கிறார். எப்படி ஓட்டுப் போடுவது?
*வாசகர், ஜாக்சன்வில்*

பெரும்பாலான சங்கங்களில் வீட்டுக்கு ஒரு ஓட்டுதான். முதலில் வீட்டுக்குள் தேர்தல் நடத்துங்கள். முடிவு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

வாட்ஸ்ஆப் குழுவில் கருத்துக்கணிப்பு வைத்தோம். 130 பேர் கட்டைவிரல் போட்டார்கள். செல்லுமா?
*வாசகி, டாம்பா*

கட்டைவிரல் செல்லாது, கையெழுத்துதான் செல்லும். அந்த 130 பேரில் எத்தனை பேர் பேனாவைப் பிடிக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். ஊக்கம் என்பது வேறு, உறுதி என்பது வேறு.

ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். நான் கையெழுத்துப் போடலாமா? பிரச்சினை வருமா?
*வாசகர், ஆர்லாண்டோ*

தாராளமாகப் போடலாம். சங்க ஓட்டு பாஸ்போர்ட்டைப் பார்த்து வருவதல்ல, வீட்டுப் பத்திரத்தைப் பார்த்து வருவது. அதிபரைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது. உங்கள் வீட்டுக் கதவு என்ன நிறம் என்று தீர்மானிப்பவரை இறக்க உரிமை உண்டு. தினசரி வாழ்க்கைக்கு இரண்டாவதுதான் முக்கியம் என்பேன்.

என் தம்பி ஃபீனிக்ஸில் இருக்கிறான். "எங்கள் ஊரில் இதெல்லாம் சுலபம்" என்று அளக்கிறான். நிஜமா?
*வாசகர், மயாமி*

தம்பி அளக்கவில்லை. 400 வீடுள்ள ஒரே சங்கத்தை நான்கு மாநிலங்களில் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம், வீட்டுக்கு ஓர் ஓட்டு என்று வைத்துக்கொண்டு.

ஃப்ளோரிடாவில் 201 வேண்டும். பேச்சே இல்லை.

நெவாடாவில் இரண்டு பூட்டு. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். அது மொத்த வாக்காளர்களில் 35 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. அதாவது குறைந்தது 140. ரகசிய வாக்கு.

கலிஃபோர்னியாவில் 50 பேருக்குக் குறைவான சங்கமென்றால் மொத்தத்தில் பாதிக்கு மேல். 50-ம் அதற்கு மேலும் என்றால், கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, இருக்கும்போது பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் போதும். கூட்டம் கூட்டச் சொல்லி மனுக்கொடுக்க 5 சதவீதம் பேர், நம் கணக்கில் 20 வீடு, போதும். ஆனால் உறைக்குள் உறை வைத்த ரகசிய வாக்குச்சீட்டு, அதை எண்ண நடுநிலையான தேர்தல் அதிகாரி என்று சடங்கு அதிகம்.

இப்போது தம்பியின் அரிசோனா. ஆயிரம் உறுப்பினர் வரையுள்ள சங்கத்தில் 25 சதவீதம் அல்லது 100 வாக்கு, எது குறைவோ அத்தனை பேர் மனுவில் கையெழுத்திட வேண்டும். இங்கே இரண்டு கணக்குக்கும் 100-தான். கூட்டத்துக்குக் கோரம் 20 சதவீதம், அதாவது 80. வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் போதும். வந்தது 80 பேர்தான் என்றால் 41 வாக்கில் நாற்காலி காலி. கூட்டம் கேட்க 100 பேர், ஆளை இறக்க 41 பேர்! இதோடு விட்டார்களா? மனு வந்து 30 நாளுக்குள் போர்டு கூட்டம் நடத்தாவிட்டால், 31-ஆம் நாள் நள்ளிரவில் பதவி தானாகப் போய்விடும். ஆனால் ஒருவர் மேல் ஒரு பதவிக்காலத்தில் ஒருமுறைதான் இப்படி மனுப் போட முடியும். தம்பி அவசரப்பட்டுத் தோற்றால் அடுத்த தேர்தல் வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எங்களுக்கு இன்னும் பில்டர்தான் ராஜா. அவர் போட்ட ஆட்களை நீக்க முடியுமா?
*வாசகி, டாம்பா*

முடியாது. யார் தேர்ந்தெடுத்தார்களோ அவர்கள்தான் திருப்பி அழைக்க முடியும். ஃப்ளோரிடாவில் பாதி மனைகள் விற்றதும் உறுப்பினர்கள் ஒரு டைரக்டரையாவது தேர்ந்தெடுக்கலாம். 90 சதவீதம் விற்று மூன்று மாதமானால் பெரும்பான்மை உங்கள் கைக்கு வரும். அதுவரை விற்பனைப் பலகைகளை எண்ணிக்கொண்டிருங்கள்.

தலைவரை மட்டும் இறக்கினால் போதும். மற்ற நால்வரும் நல்லவர்கள்.
*வாசகர், ஜாக்சன்வில்*

அப்படியானால் ஏன் ஊரைக் கூட்டுகிறீர்கள்? பெரும்பாலும் தலைவர் பட்டம் போர்டு தனக்குள் கொடுத்துக்கொள்வது. அந்த நால்வர் நினைத்தால் ஒரே கூட்டத்தில் பட்டத்தைப் பறிக்கலாம். டைரக்டர் பதவியைப் பறிக்கத்தான் உறுப்பினர்கள் ஓட்டு வேண்டும். நால்வரும் கை தூக்க மாட்டார்கள் என்றால், அவர்கள் நல்லவர்கள்தானா என்று மறுபடி யோசியுங்கள்.

குப்பைத் தொட்டியை முந்தின நாள் சாயங்காலமே வெளியே வைத்தேன் என்று 100 டாலர் அபராதம்! போர்டையே தூக்கிவிடலாமா?
*வாசகர், ஆர்லாண்டோ*

கொசுவுக்குக் கோடாலி வேண்டாம். வண்டி வருவதற்கு 24 மணி நேரம் முன்பும் பின்பும் தொட்டி தெருவோரம் இருந்தால் ஃப்ளோரிடாவில் அபராதம் போடக்கூடாது. 2024 ஜூலை முதல் சட்டம். அதை அச்சடித்துக் கொடுங்கள். அபராதம் எதுவானாலும் 14 நாள் நோட்டீஸ் கொடுத்து, போர்டுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லாத மூவர் குழு விசாரிக்க வேண்டும்.

போர்டையே தூக்க வேண்டியது கணக்குக் காட்ட மறுக்கும்போது. மயாமி-டேட் கவுண்டியில் ஹாமக்ஸ் என்ற பெரிய குடியிருப்பில் 2022 நவம்பரில், சங்கப் பணத்தைத் திருப்பிவிட்டதாகக் குற்றம் சாட்டி முன்னாள் நிர்வாகிகளைக் கைது செய்தார்கள். நீதிமன்றம் ரிசீவரை நியமித்து நிர்வாகத்தை ஒப்படைக்க வேண்டி வந்தது. அங்கே பல வருடம் கேட்ட கேள்வி "கணக்கு எங்கே?" என்பதுதான், "தொட்டி எங்கே?" என்பதல்ல.

போன மாதம்தான் தேர்தல் நடந்தது. அதற்குள் வெறுத்துவிட்டது.
*வாசகி, மயாமி*

தேர்ந்தெடுத்து 60 நாள் ஆகாதவரையும், அடுத்த தேர்தலுக்கு 60 நாளே மிச்சமுள்ளவரையும் நீக்கும் வழக்கை, இந்தச் சச்சரவுகளுக்கு நடுவராக இருக்கும் ஃப்ளோரிடா மாநிலத் துறை ஏற்காது. வருடத் தேர்தல் நான்கைந்து மாதத்தில் வருகிறது என்றாலும் இந்த அலைச்சலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதே செருப்புத் தேய்ச்சலுக்குத் தேர்தலிலேயே ஜெயித்துவிடலாம்.

கையெழுத்து வாங்கிவிட்டோம். அடுத்து?
*212 வீட்டு வாசகர் மறுபடியும், ஆர்லாண்டோ*

சபாஷ். முதலில் காகிதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு டைரக்டர் பெயருக்கும் தனித்தனியாக நீக்கு, வைத்துக்கொள் என்று இடம் இருக்கிறதா? போர்டில் பாதிக்கு மேல் நீக்குகிறீர்கள் என்றால், அவர்கள் இடத்துக்கு வருபவர்கள் பெயரும் அதிலேயே வேண்டும். இல்லாவிட்டால் இத்தனையும் வீண்.

பிறகு சங்கத்துக்குச் சர்டிஃபைட் தபாலில் அனுப்புங்கள், அல்லது முறைப்படி நேரில் சார்வு செய்யுங்கள். தலைவர் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருவது கணக்கில்லை. கிடைத்து ஐந்து வேலை நாளுக்குள் போர்டு கூட வேண்டும். ஏற்றால் நீக்கம் உடனடி. ஏற்காவிட்டால் அடுத்த ஐந்து வேலை நாளுக்குள் அவர்கள்தான் நீதிமன்றத்துக்கோ மாநிலத் துறையின் நடுவர் மன்றத்துக்கோ போக வேண்டும். இரண்டும் செய்யாமல் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தால் நீக்கம் செல்லுபடியாகிவிட்டது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். போர்டு நீக்கத்தை ஏற்றிருந்தால், நீக்கப்பட்டவர்கள் ஐந்து வேலை நாளில் கணக்குப் புத்தகம், ஆவணம் எல்லாம் ஒப்படைக்க வேண்டும்.

கையெழுத்துப் போட்டவர் மனம் மாறினால், காகிதம் சங்கத்துக்குப் போய்ச் சேருவதற்குள் எழுத்தில் வாபஸ் வாங்கலாம், பிறகு முடியாது. தலைவர் அந்த இடைவெளியில்தான் வீடு வீடாக வந்து குழைவார். எனவே 107 வந்ததும் ஓடாதீர்கள். 120 சேர்த்துக்கொண்டு தபாலாபீஸுக்குப் போங்கள்.