நடவு வயலில் ஒரு வாய்த்தகராறு

(விழிதியூர் நடவு வயல். குனிந்து நாற்று நடும் ஒருத்தியின் உடம்புக்குள் எலும்புக்கும் தசைக்கும் பேச்சு முற்றிவிட்டது.)

எலும்பு: காரைக்கால் சீமையில இருந்துகிட்டே என் பெருமை தெரியலையே தம்பி! புனிதவதியார் சதையை உதறி எலும்புருவா நின்னப்பதானே காரைக்கால் அம்மையார் ஆனாங்க? கயிலைக்குத் தலையாலேயே நடந்தாங்கன்னு பெரியபுராணம் சொல்லுது. சதை இல்லாமலே அவ்வளவு தூரம்! நாங்க 206 பேர் இருக்கோம், நாங்கதான் உடம்பு. நீ மேல அப்பின சேறு. ஆள் போன பிறகும் நாங்க இருப்போம், நீ நாலே நாள்ல நாறிடுவே.

தசை: அது அவங்க சிவன்கிட்ட கேட்டு வாங்கின வரம் அண்ணே. அருளை எடுத்து உங்க கணக்குல வரவு வெச்சா எப்படி? வரம் இல்லாத எலும்புக்கூட்டைப் பள்ளிக்கூட ஆய்வகத்துல பாருங்க. கம்பியைக் கழட்டினா குவியலா விழுந்துடும். உங்களை அசைக்க நாங்க 600க்கு மேல இருக்கோம். எங்களுக்கோ தள்ளத் தெரியாது, இழுக்க மட்டும்தான் தெரியும். அம்மையாரோட மாங்கனித் திருவிழாவுல வீசுற பழத்தைப் பிடிக்கக் கையை நீட்டணும்னா பின்னால ஒருத்தன் இழுக்கணும், மடக்க முன்னால இன்னொருத்தன் இழுக்கணும். இதுல நீங்க எங்களுக்கு ஒதுக்கின இடம், முழங்கை மூட்டை ஒட்டி நாலஞ்சு செ.மீ.தான். கையை மடக்கி ஒரு கிலோ நாத்துமுடியைப் பிடிக்க நான் ஏழெட்டு கிலோவுக்கு இழுக்க வேண்டியிருக்கு.

எலும்பு: நட்டத்தைச் சொன்னியே, லாபத்தைச் சொன்னியா? நீ ஒரு விரற்கடை சுருங்கினா உள்ளங்கை அரைச் சாணுக்கு மேல நகருதே, அந்த வேகம் யார் கொடுத்தது? அது கிடக்கட்டும். இந்தப் பொண்ணு இப்ப முழுசாக் குனிஞ்சிருக்காளே, முதுகுல நீ என்ன பண்றே? 1955லேயே ஃபிளாய்டு, சில்வர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க மின்முனை வெச்சுப் பார்த்துச் சொல்லிட்டாங்க. முழுசாக் குனிஞ்சதும் முதுகுத் தசை அடங்கிப்போகுது. பாரத்தை என் மேல கட்டின நாரும் நானும்தான் தாங்குறோம். வேலை நேரத்துல தூங்குறவனுக்கு நியாயம் ஒரு கேடா?

தசை: அடங்குறது நிசம், மறுக்கலை. ஆனா நிமிரணும்னு வந்தா நார் நிமித்துமா? அதோட, உங்க உறுதியே நாங்க வேலை வாங்கி வாங்கி வந்ததுதான். விண்வெளியில மாசக்கணக்கா மிதந்தவங்களுக்கு இடுப்பெலும்பு மாசத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல கரையுது.

எலும்பு: அங்க எடையே இல்லையேடா! உன் இழுப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

தசை: நல்ல கேள்விதான். அப்ப டென்னிஸ் ஆடுறவங்களைப் பாருங்க. ரெண்டு கைக்கும் ஒரே பூமி, ஒரே சோறு. மட்டை பிடிக்கிற கையில மட்டும் எலும்பு தடிச்சிருக்கு. பந்தோட அதிர்ச்சியும் என் இழுப்பும் சேர்ந்து செஞ்ச வேலை அது. நீங்க காஞ்ச கட்டை இல்லை அண்ணே. இழுக்கிற பக்கம் வளர்றீங்க, விட்ட பக்கம் தேயுறீங்க.

எலும்பு: உடம்போட சுண்ணாம்புச் சத்துல 99 சதவீதம் என் பெட்டகத்துல இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ. ரத்தத்துக்கு நான் அவுத்துவிடலேன்னா நீ இசிவெடுத்துக் கிடப்பே. சரி, வரப்புல டீ வந்தாச்சு, நிமிரணும். இழு.

தசை: முதல்ல இடுப்புக்காரங்களை இழுக்கச் சொல்லுங்க. முதுகு முறை அப்புறம்தான்.