படம் அனுப்பியாச்சு ஐயா

அனுப்புநர்: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் (பெற்றோர்), ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஊர்ப் பெயர் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் உள்ளது.

பெறுநர்: உயர்திரு மேலிடம் அவர்கள்.

பொருள்: மாசி, பங்குனி மாதங்களில் பள்ளியில் நடந்தவை, அறிக்கை அனுப்புதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் வாட்ஸ்அப் செய்தி, இரவு 10.40 மணி, 'மிக மிக அவசரம்'.



தங்களை ஐயா என்பதா அம்மா என்பதா என்று தெரியவில்லை. பெரிய டீச்சரிடம் கேட்டால் "மேலேருந்து சொல்றாங்க" என்கிறார். வட்டாரத்தில் விசாரித்தால் மாவட்டத்தைக் கைகாட்டுகிறார்கள். மாவட்டத்தில் சென்னையைக் காட்டுகிறார்கள். சென்னையில் அண்ணாந்து பார்ப்பார்கள் போலிருக்கிறது. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25ஆம் ஆண்டுக்கான கல்விப் பணம் 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்திவைத்ததைப் பேப்பரில் படித்தபோதுதான் மேலிடத்துக்கும் ஒரு மேலிடம் உண்டென்று எனக்கு விளங்கியது. தங்கள்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. அங்கேயும் படம் கேட்கிறார்களா? நிற்க. பொதுவாக ஐயா என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் 38, வகுப்பு 5, டீச்சர் 2. சட்டப்படி இது சரிதானாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று சொல்கிறது. அட்டவணை போட்டவர்கள் பிள்ளைகளை எண்ணினார்கள், வகுப்பை எண்ணவில்லை. பெரிய டீச்சர் பயிற்சிக்குப் போகிற நாளில் சின்ன டீச்சர் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப்போட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு கொடுத்து, வெயிலில் மூக்கில் ரத்தம் வந்த பையனை நிழலில் உட்காரவைத்து, இதற்கு நடுவே தங்களுக்குப் படமும் எடுத்து அனுப்புகிறார். அவருக்கு ஒரு நல்லாசிரியர் விருது கொடுக்கலாம். ஆனால் அதற்கு விண்ணப்பிக்க இன்னும் நிறையப் படம் வேண்டுமாம்.

எங்கள் பள்ளி வாசலில் ஒரு புங்க மரம் இருக்கிறது. மாசியில் இலையைக் கொட்டிவிட்டுப் பங்குனியில் தளிர்த்துப் பூக்கும். தங்களுடைய சுற்றறிக்கைகளும் அப்போதுதான் பூக்கின்றன. காரணம் எங்களுக்குத் தெரியும், மார்ச் 31. ஆண்டு முழுவதும் வராத பணம் மார்ச் மூன்றாம் வாரத்தில் வந்து இறங்குகிறது. இறங்கிய வேகத்தில், செலவு செய்த படத்தோடு கணக்கையும் கேட்கிறது. போன முறை வந்த பணத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று அடித்தோம். நல்ல கனமான பேனர். விழா முடிந்ததும் கதவில்லாத கழிப்பறைக்குக் கதவாகக் கட்டியிருக்கிறோம். அந்த வகையில் பணம் வீணாகவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

படிப்பு விஷயத்தில் தங்கள் ரசனையை மெச்சத்தான் வேண்டும். 2022இல் 'எண்ணும் எழுத்தும்' கொண்டுவந்து, சின்னப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தீர்கள். கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது. என் பையன் ரொம்ப நாளாக மொட்டாகவே இருக்கிறான். அவன் மலர்ந்துவிட்டானா என்று டீச்சரின் போனில் பரீட்சை வைத்தார்கள். எங்கள் ஊரில் நெட் கிடைக்கிற இடம் மாரியம்மன் கோயில் மேடைதான். அங்கே வரிசையாக உட்காரவைத்தார்கள். அவன் முறை வந்தது, திரையில் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. "வட்டம்" என்று பளிச்சென்று சொன்னான். கேள்வி இன்னும் வரவேயில்லை. வடிவங்கள் பாடம் அவனுக்கு நன்றாக ஏறியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். செயலி அப்படி நினைக்கவில்லை.

2024 நவம்பர் 14 அன்று 'மகிழ் முற்றம்' வந்தது. பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுவாகப் பிரிக்க வேண்டும் என்றீர்கள். 38 பேரை ஐந்தாகப் பிரித்தோம். எங்கள் ஊரில் மலையும் இல்லை, கடலும் இல்லை, பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பங்குனி பிறந்ததும் ஐந்து குழுவும் பாலையாகிவிட்டது. தமிழ் படித்த தாங்கள் இதை முன்பே கணித்திருப்பீர்கள்.

அந்த வெயிலை உத்தேசித்துத்தானே 'வாட்டர் பெல்' போட்டீர்கள்? பிள்ளைகள் தண்ணீர் குடிக்கத் தனியாக ஒரு மணி. யோசனையில் ஒரு குறையும் இல்லை, மனதாரச் சொல்கிறேன். எங்கள் பள்ளியிலும் மணி அடித்தது. பிள்ளைகள் டம்ளரோடு ஓடினார்கள். மோட்டார் பழுதாகி டேங்க் காய்ந்து கிடந்தது. பெரிய டீச்சர் பதறிப்போய் வட்டாரத்துக்குப் போன் போட்டார். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம், மத்தியானத்துக்குள்ள போட்டோ வந்தாகணும்" என்று பதில் வந்தது. 38 பேரும் வெறும் டம்ளரை வாயில் வைத்து அண்ணாந்தார்கள். அருமையாக விழுந்த படம் அது. எந்தப் பிள்ளையும் கண்ணை மூடவில்லை. மேலே ஊர்ப் பெயர், தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் பதிவாகியிருந்தன. தண்ணீர் இருந்ததா என்று கேட்கும் கட்டம் தங்கள் செயலியில் இல்லாததால் நாங்களும் அதை நிரப்பவில்லை. 'மிகச் சிறப்பு' என்று வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் பொம்மைகள் வந்தன. அதற்குள் எங்கள் வீட்டுக்காரர் சைக்கிளில் இரண்டு குடம் கொண்டுவந்துவிட்டார். அதைப் படம் எடுக்கவில்லை, மன்னிக்கவும்.

படம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பெரிய டீச்சர் போனில் இடம் நிறைந்துபோய், மகள் கல்யாணப் படங்களையெல்லாம் அழித்துவிட்டார். 'கைகழுவும் நாள்' படத்தை அழிக்கவில்லை. "ஆய்வுக்கு வந்தா கேப்பாங்க" என்கிறார்.

ஆசிரியரைப் பாடம் தவிர வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் இருக்கிறதாம். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. படம் பிடிப்பதை இதில் எதில் சேர்ப்பது என்று எங்கள் மேலாண்மைக் குழுவில் விவாதம் நடந்தது. பேரிடர் நிவாரணம் என்று ஏகமனதாக முடிவானது.

தேர்தல் என்று சொன்னேன் அல்லவா. அதுவும் எங்களுக்கு வசந்த கால விழாதான். 2019இல் ஏப்ரல் 18, 2021இல் ஏப்ரல் 6, 2024இல் ஏப்ரல் 19. ஓட்டுக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். சாய்தளம் பூசுவார்கள். கழிப்பறையில் விளக்கு எரியும். குழாயில் தண்ணீர் வரும். வரிசையில் நிற்பவர்களுக்குப் பந்தல் போட்டு நிழல் தருவார்கள். முடிந்த மறுநாள் வாடகை மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போவார்கள். சுவரில் எழுதிய வாக்குச்சாவடி எண் மட்டும் நிற்கும். எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை என்பது பெரிய குறையாகத்தான் இருக்கிறது.

ஆண்டு விழா தாங்கள் சொன்னபடியே நடந்தது. வந்த பணம் பந்தலுக்குச் சரியாக இருந்தது. மைக் செட்டுக்கு ஊரில் வசூல் பண்ணினோம். தங்கள் சார்பில் சிறப்பு விருந்தினர் 4 மணிக்கு வருவார் என்றார்கள், 7.30க்கு வந்தார். அதற்குள் மூன்று பாரதியார்கள் பெஞ்சின்மேல் தூங்கிவிட்டார்கள். ஒரு பாரதியாருக்கு மீசை வியர்வையில் வழிந்து காதுவரை போயிருந்தது. வேலுநாச்சியார் பசிக்கிறதென்று அழுதுகொண்டு அட்டை வாளைக் கடித்துக்கொண்டிருந்தார். விருந்தினர் வந்ததும் வராததுமாக மேடையேறி, பிள்ளைகள் செல்போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினார். நாங்கள் அதை முழுசாகப் போனில் பதிவு செய்து குழுவில் ஏற்றினோம்.

அவர் கார் கிளம்பிய பிறகு கரண்ட் போய்விட்டது. அந்த இருட்டில், வருசம் முழுக்க வகுப்பில் வாய் திறக்காத நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, மைக் இல்லாமல், தானே எழுதிய எட்டு வரியை மனப்பாடமாகச் சொன்னது. அவளுடைய ஆட்டுக்குட்டியைப் பற்றியது. ஊரே வாயடைத்துப்போனது. சின்ன டீச்சர் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளிச்சம் இல்லாததால் படம் எடுக்க முடியவில்லை. ஆகவே மேற்படி நிகழ்ச்சி நடக்கவில்லை என்றே தங்கள் பதிவேட்டில் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் மேலாண்மைக் குழுவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதன்படிதான் களையெடுக்கப் போகிற நானும் உறுப்பினர். ஒவ்வொரு கூட்டத்திலும் சுற்றுச்சுவர் வேண்டும் என்று தீர்மானம் போடுகிறோம், பெற்றோர் செயலியில் ஏற்றுகிறோம். பச்சை நிறத்தில் டிக் விழுகிறது. ஊர் மாடுகள் வழக்கம்போல் வகுப்பறை வரைக்கும் வருகின்றன. அவற்றிடம் செயலி இல்லை.

காலை உணவைப் பற்றி எழுதும்போது மட்டும் கிண்டல் வரமாட்டேன் என்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் போடுகிறீர்கள். விடியுமுன் வயலுக்குப் போகிற வீடுகளில் பிள்ளைக்குக் காலையில் என்ன கிடைக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். அந்தப் புண்ணியம் தங்களைச் சேரும். ஒன்றே ஒன்று, சமைத்ததையும் படம் எடுத்துச் செயலியில் ஏற்றிய பிறகுதான் பரிமாறுகிறார்கள். கோயில் மேடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பொங்கல் இறுகிவிடுகிறது.

கடைசியாக, மாணவர் சேர்க்கைப் பேரணி. மார்ச் பிறந்ததும் மேளம் வைத்து, பிள்ளைகள் கையில் அட்டை கொடுத்துத் தெருத் தெருவாகப் போனோம். விலையில்லாப் புத்தகம், சீருடை, பை, செருப்பு எல்லாம் அட்டையில் இருந்தன. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் அம்மா அதைப் படித்துவிட்டு, "டாக்டருக்கு இன்னும் பன்னெண்டு வருசம் இருக்கு. நாளைக்கு ரெண்டு டீச்சரும் இருப்பாங்களா, அதைச் சொல்லுங்க" என்றாள். பெரிய டீச்சர் பதில் சொல்வதற்குள் மஞ்சள் வேன் ஹாரன் அடித்தது. தனியார் பள்ளிக்காரர்கள் தை மாசமே வந்து அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஐயா. நாம் மேளத்தோடு மாசிக் கடைசியில் போகிறோம்.

அடுத்த வீட்டுக்காரி இன்னும் விவரமானவள். தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு அரசாங்கமே பணம் கட்டும் திட்டத்தில் தன் மகளைச் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். "நீங்களே காசு கட்டி அங்க அனுப்புறீங்க. அப்புறம் எதுக்கு மேளம் அடிச்சு இங்க கூப்புடுறீங்க?" என்று கேட்டாள். டீச்சர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இந்தக் கேள்வியைத் தங்களுக்கு அனுப்புகிறேன், விடை கிடைத்தால் குழுவில் போடவும். பிள்ளை குறைந்தால் பள்ளியை மூடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பிள்ளை ஏன் குறைகிறது என்று கேட்டுத்தான் இதுவரை ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை, அவசரம் என்றுகூடப் போடாமல் வந்தாலும் பரவாயில்லை.

சின்ன டீச்சர் மட்டும் விடுவதாக இல்லை. சேர்க்கை இலக்கை முடிக்க வேண்டும் என்று பட்டியல் எடுத்துப் பார்த்தார். எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஐந்து வயது முடிந்த பிள்ளைகள் எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. போகாத தெரு ஒன்றுதான் பாக்கி, அது தங்கள் தெரு. 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரப் பிரதேசத்துக்குத் தீர்ப்பு சொன்னதாக டீச்சர் சொன்னார். நாம் உத்தரப் பிரதேசம் இல்லைதான். இருந்தாலும் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை என்று குழுவில் தீர்மானம் போட்டுச் செயலியில் ஏற்றியாகிவிட்டது, பச்சை டிக்கும் விழுந்துவிட்டது.

ஆகவே தங்கள் பேரப்பிள்ளைக்கான சேர்க்கைப் படிவம் ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன். பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, பெற்றோர் கையெழுத்து போதும். மாற்றுச் சான்றிதழ் பிறகு கொடுத்துக்கொள்ளலாம். புகைப்படம் ஒட்டும் கட்டத்தைக் காலியாக விடலாம், பிள்ளையை நேரில் கூட்டிவந்தால் நாங்களே பார்த்துக்கொள்வோம். ரோஜாப்பூவும் காகிதக் கிரீடமும் தயாராக இருக்கின்றன. தங்கள் வீட்டு வாசலுக்குப் பேரணி வருகிற அன்று மேளக்காரருக்கு ஐநூறு ரூபாயைத் தாங்களே கொடுத்துவிடவும். இந்த ஆண்டுப் பணம் பந்தலுக்கே தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மொட்டு நிலை மாணவனின் தாய்