எல்லாரும் இண்டர்மீடியட்

பத்து பாகாட்டில் பேட்மிண்டன் ஆடத் தெரியாதவர் யாரும் இதுவரை ராக்கெட் வாங்கியதில்லை. நம்பாதவர்கள் எந்த விளையாட்டுச் சாமான் கடையிலாவது அரை மணி நேரம் சும்மா நின்று பார்க்கலாம். கல்லாவில் இருக்கும் சீனப் பையன் எடுத்த எடுப்பில் ஒன்றுதான் கேட்பான். “அங்கிள், என்னா லெவல்?” வந்தவரின் வயது, இடுப்பளவு, கடைசியாக ஓடிய ஆண்டு எதுவாக இருந்தாலும் பதில் மாறாது. “இண்டர்மீடியட்.” சிலர் சொல்வதற்கு முன் ஒரு விநாடி கூரையைப் பார்ப்பார்கள். ‘அட்வான்ஸ்டு’ வாய்வரை வந்துவிட்டது, அடக்கம் கருதி விழுங்குகிறார்கள் என்று அர்த்தம்.

‘பிகினர்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு வளர்ந்த ஆண்மகனை நான் பார்த்ததில்லை. பிள்ளைக்கு வாங்க வரும் அப்பாக்கள்கூட ஏழு வயதுப் பையனை முன்னால் தள்ளி, “இப்பதான் ஆரம்பிக்கிறான். ஆனா சீக்கிரம் மேல வந்துருவான். அதுக்கேத்த மாதிரி குடு” என்பார்கள். பையன் அப்போது பந்துப் பெட்டியைத் திறந்து இறகைப் பிய்த்துக்கொண்டிருப்பான்.

வாரக் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்கு வரும் இளவட்டங்கள் ஒரு நல்ல காரியம் செய்யப் பார்த்தார்கள். அங்கே முன்பின் தெரியாதவர்கள் கோர்ட் வாடகையைப் பகிர்ந்து சேர்ந்து ஆடுவது வழக்கம். அதனால் தகராறு வராமலிருக்க லோ பிகினர், ஹை பிகினர், லோ இண்டர்மீடியட், மிட், ஹை என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதை எங்கள் தாமான் வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். எங்கள் ஆட்கள் தங்களுக்குரிய இடத்தை உடனே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அன்றிரவு கோர்ட்டில் நின்ற நால்வருமே ஹை இண்டர்மீடியட். சர்வீஸ் மட்டும் வலையைத் தாண்ட மறுத்தது.

டென்னிஸ்காரர்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவர்கள், அல்லது நேர்மையாக்கப்பட்டவர்கள். அமெரிக்க டென்னிஸ் சங்கம் 7.0 வரை அரை அரையாக ஏறும் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. எந்த எண்ணில் இருப்பவருக்கு என்ன வரும், என்ன வராது என்று அதில் எழுதியே இருக்கிறது. அந்த நாட்டுக்காரர் ஹோவர்ட் ஹெட் என்பவரை எனக்கு மிகவும் பிடிக்கும். பனிச்சறுக்குப் பலகை செய்து பணம் சேர்த்தவர். தொழிலை விற்றுவிட்டு டென்னிஸ் கற்கப் போனார். பந்து ஓரத்தில் படும்போதெல்லாம் ராக்கெட் கையில் திருகிக்கொண்டது. மனிதர் ஆட்டத்தைத் திருத்துவதற்குப் பதிலாக ராக்கெட்டைத் திருத்தினார். மர ராக்கெட்டின் முகம் 65 சதுர அங்குலத்தை ஒட்டியிருந்த காலத்தில், 1976இல், 110 சதுர அங்குலத்துக்கு ஒன்றைச் செய்து பிரின்ஸ் என்ற பெயரில் விற்றார். முதலில் சிரித்தார்கள். 1978இல் பாம் ஷ்ரைவர் பதினாறு வயதில் அதே மாதிரி ராக்கெட்டோடு அமெரிக்க ஓப்பன் இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. ஒரே ஒருவர் தன் லெவலை உள்ளபடி ஒப்புக்கொண்டதால் உலகத்துக்குக் கிடைத்த லாபம் இது.

பேட்மிண்டனில் அந்த வாசலையும் அடைத்துவிட்டார்கள். 680 மில்லிமீட்டர் நீளம், 230 மில்லிமீட்டர் அகலம், அதற்கு மேல் கூடாது என்பது விதி. ஆகவே எங்கள் ஊரில் டென்னிஸ் என்று ஒன்று இருக்குமானால் அது முழங்கையில்தான். டென்னிஸ் கோர்ட்டை எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் ‘டென்னிஸ் எல்போ’ என்று பட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள். கைக்குப் பொருந்தாத பிடி, அளவுக்கு மீறி இறுக்கிய ஸ்டிரிங், தலை கனத்த ராக்கெட் இவையெல்லாம் அந்த வலிக்குத் தூபம் போடுபவை. ஆனால் பட்டை கட்டியவரைப் பார்த்தால் பெரிய ஆட்டக்காரர் மாதிரி இருப்பதால் யாரும் காரணத்தை விசாரிப்பதில்லை.

அகலத்தைக் கூட்ட முடியாது என்றானதும் கவனம் எண்களின் பக்கம் திரும்பியது. ராக்கெட்டின் கூம்பில் ‘4யூ’, ‘ஜி5’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். 3யூ என்றால் 85 முதல் 89 கிராம். 4யூ என்றால் 80 முதல் 84. 5யூ அதற்கும் கீழே. எண் ஏற ஏற எடை இறங்கும். பிடியிலும் அப்படியே, ஜி4ஐ விட ஜி5 மெலிது. இந்தத் தலைகீழ்க் கணக்கு தெரியாமல் ‘பெரிய நம்பர் குடு’ என்று கேட்டு இறகு மாதிரி ஒன்றை வாங்கிப் போனவர்கள் உண்டு. அவர்களுக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது, தெரியாது.

3யூவுக்கும் 4யூவுக்கும் வித்தியாசம் ஐந்து கிராம். இந்த ஐந்து கிராமை வைத்து மாமாக் கடையில் நடுராத்திரி வரை வாதம் நடக்கும். வாதிடுகிறவர்கள் ஒவ்வொருவரும் வயிற்றில் பதினைந்து கிலோ உபரி வைத்திருப்பார்கள். ரொட்டி சானாய் வந்து வந்து போகும். “4யூல ஸ்மாஷுக்கு வெயிட் பத்தாதுண்ணே” என்பார் ஒருவர். அவர் ஸ்மாஷ் அடித்து வாழ்நாளில் யாரும் பார்த்ததில்லை. அவர் கையைத் தூக்கினால் நாங்கள் வலைக்கருகில் போய் நின்றுகொள்வோம், பந்து எப்படியும் அங்கேதான் விழும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது தண்டு. வளைகிற தண்டு மெதுவாக வீசும் கைக்கும் கொஞ்சம் வேகத்தைக் கடன் கொடுக்கும். விறைப்பான தண்டு தானாக ஒன்றும் தராது. வேகமாக வீசும் மணிக்கட்டு இருந்தால்தான் அது பேசும். கடையில் முதலில் விற்றுத் தீர்வது விறைப்பான தண்டும் கனத்த தலையும்தான்.

அதற்குக் காரணம் டிவி. 1992இல் கோலாலம்பூர் ஸ்டேடியம் நெகாராவில் மலேசியா இந்தோனேசியாவை 3-2 என்று வென்று தோமஸ் கிண்ணத்தைத் தூக்கியபோது ஆரம்பித்த காய்ச்சல் இது. பிறகு லீ சோங் வெய் 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். அவர் கையில் எந்த ராக்கெட் இருக்கிறதோ அதுவே ஊரில் எல்லார் கையிலும். 2023 ஏப்ரலில் ஜப்பானின் சோகா நகரில் யோனெக்ஸ் கூடத்தில் வைத்து அளந்தார்கள். இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர், நம் பெர்லி டான் அடித்தது 438. இரண்டுமே கின்னஸ் சாதனை. செய்தி வந்த வாரமே, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110க்கு மேல் போகப் பயப்படும் எங்கள் கான்ட்ராக்டர் அண்ணன் அதே ராக்கெட்டைத் தேடிக் கடை கடையாக ஏறினார்.

பெர்லியோடு சேர்ந்து ஆடும் தீனா முரளிதரன் நம் பிள்ளை என்பதால் எங்கள் குழுவில் இன்னொரு பிரிவும் உண்டு. 2022 காமன்வெல்த் தங்கம், 2025 பாரிஸ் உலகப் போட்டியில் வெள்ளி. அந்தப் பெண் வைத்திருப்பதுதான் வேண்டும் என்று நாற்பத்தெட்டு வயது ஆண்கள் கேட்பார்கள். தீனாவின் கால்கள் எந்தக் கடையிலும் விற்பதில்லை என்பதை அவர்களிடம் யார் சொல்வது?

மூத்தவர்கள் பஞ்ச் குணாளனைச் சொல்வார்கள். கார்பன் ராக்கெட் கடைக்கு வருவதற்கு முந்திய காலம். 1971இல் இங் பூன் பீயோடு ஆல் இங்கிலாந்து இரட்டையர் பட்டம், 1974இல் கிறைஸ்ட்சர்ச்சில் காமன்வெல்த் தங்கம். ஆனால் அவர் உலகச் சம்மேளனத்தில் உட்கார்ந்து முன்னின்று கொண்டுவந்த 21 புள்ளி முறை, 2006லிருந்து, எங்களைப் போன்றவர்களுக்குச் செய்தது பெரிய துரோகம். பழைய முறையில் நாம் சர்வீஸ் போட்டுத் தவறினால் சர்வீஸ்தான் போகும், எதிராளிக்குப் புள்ளி இல்லை. மாறி மாறித் தவறிக்கொண்டே அரை மணி நேரம் மானத்தோடு இழுக்கலாம். இப்போது ஒவ்வொரு தவறும் கணக்கில் ஏறுகிறது. பத்து நிமிடத்தில் கோர்ட்டை விட்டு வெளியே வந்து அடுத்த முறைக்குக் காத்திருந்து, அந்த நேரத்தில் ராக்கெட்டைக் குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படிக் குறை சொல்ல, நாங்கள் ஆடும் மண்டபமான டேவான் ஏற்ற இடம். காற்றில் பந்து அலையும் என்று விசிறியை நிறுத்திவிடுவார்கள். மலாக்கா நீரிணைப் பக்கத்து ஈரமெல்லாம் அந்தக் கூரைக்கடியில் வந்து உட்கார்ந்திருக்கும். பந்தில் பதினாறு இறகு, எடை 4.74 முதல் 5.50 கிராம். நல்ல பந்து ஒரு டியூப் நூறு வெள்ளியைத் தாண்டிய பிறகு ஆளின் லெவலைக் கணிக்க இன்னொரு வழி பிறந்தது. யார் டியூபோடு வருகிறாரோ அவர் அன்றைக்கு அட்வான்ஸ்டு. அவர் அடித்து வெளியே போன பந்தெல்லாம் கோட்டில்தான் விழுந்திருக்கும்.

விலையைப் பற்றிப் பேசும்போது ஊர்ப்பாசத்தில் ஒன்று. இங்கிருந்து கொஞ்சம் உள்ளே போனால் ஸ்ரீ மேடான். 1920களில் இஷிஹாரா என்ற ஜப்பானியர் அங்கே இரும்புச் சுரங்கம் வெட்டி, தாதுவைக் கப்பல் கப்பலாக ஜப்பானின் யாவாட்டா எஃகு ஆலைக்கு அனுப்பினார். 1946இல் நீகாட்டாவில் யோனெயாமா என்பவர் மீன்வலைக்கு மர மிதவை செய்ய ஆரம்பித்து, பிளாஸ்டிக் மிதவை வந்து பிழைப்பைக் கெடுத்ததும், 1957இல் பேட்மிண்டன் ராக்கெட்டுக்கு மாறினார். அதுதான் யோனெக்ஸ். எங்கள் இரும்பு அதில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மண்ணாகப் போனது ஜப்பானுக்கு, 800 வெள்ளிக்குத் திரும்பி வருவது ராக்கெட் என்று கான்ட்ராக்டர் அண்ணன் பேரம் பேசும்போது சொல்வார். கடைப் பையன் அதற்கும் ஐந்து வெள்ளிக்கு மேல் குறைத்ததில்லை.

லெவலைச் சரியாகச் சொல்லக்கூடியவர் ஊரில் ஒருவர் இருக்கிறார். ஸ்டிரிங் போடும் சீனப் பெரியவர். கடை வாசலில் ஒரு மெஷின், ஒரு ஸ்டூல். அவர் லெவலைக் கேட்கவே மாட்டார். அறுந்துபோன ராக்கெட்டை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடிப்பார். ஸ்டிரிங் நடுவில் தேய்ந்து அறுந்திருந்தால் பந்து படவேண்டிய இடத்தில் படுகிறது. சட்டத்தை ஒட்டி மேலே அறுந்திருந்தால் ஆள் ஓரத்தில் அடிக்கிறார். தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் தரையையோ கூட்டாளியையோ அடித்திருக்கிறார். பிடித் துணியில் ஒரே இடம் மட்டும் கறுத்துப் போயிருந்தால் தோசைத் திருப்பியைப் பிடிப்பது போல் பிடித்து, ஃபோர்ஹேண்டுக்கும் பேக்ஹேண்டுக்கும் கையை மாற்றாமல் ஆடுகிறார். முழுதும் தொளதொளவென்று இருந்தால் ராக்கெட் கார் பூட்டில் வெயிலில் குடியிருக்கிறது. புது ராக்கெட் வாங்கப் போகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு பழைய ராக்கெட்டைக் கையோடு கொண்டு போனால் போதும் என்பேன். அது பொய் சொல்லாது. இந்த யோசனையை நான் சொல்லாத ஆள் கிடையாது. கேட்டவர் கிடையாது.

பெரியவர் கேட்பது எத்தனை பவுண்டு என்பது மட்டும். இதிலும் ஒரு தலைகீழ் இருக்கிறது. 20, 22 என்று தளர்த்திப் போட்டால் பந்து தானாகத் துள்ளிப் போகும், ஓரத்தில் பட்டாலும் மன்னிக்கும். 28, 30 என்று இறுக்கினால் நடுவில் கொஞ்சம் இடத்தில் பட்டால்தான் பந்து நகரும், விசையை நாம்தான் கொடுக்க வேண்டும். முப்பதுக்கு மேல் போடுவது அதையே தொழிலாகக் கொண்டவர்கள். ஆனால் குறைந்த எண்ணை வாய்விட்டுச் சொல்வது எங்கள் ஆட்களுக்குச் சம்பளத்தைக் குறைத்துச் சொல்வதைவிடக் கஷ்டம். ஒருமுறை கான்ட்ராக்டர் அண்ணன் வீட்டு ஹாலில் இருந்தபடி போனில், “இருபத்தெட்டுப் பவுன் போட்டுருங்க, நாளைக்கு எடுத்துட்டு வர்றேன்” என்றார். அடுப்படியிலிருந்து அண்ணி வந்து, “யாருக்குப் போடறீங்க?” என்று கேட்டார். அன்றிரவு அண்ணன் ஆட வரவில்லை.

மறுநாள் கடையில் நானும் இருந்தேன். பெரியவர் அண்ணனின் ராக்கெட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தார். அறுந்தது உச்சியில், சட்டத்தை ஒட்டி. “இருபத்து மூணு போதும்” என்றார். அண்ணன் முகம் சிவந்தது. “பாஸ், நான் இண்டர்மீடியட். இருபத்தெட்டு.” பெரியவர் மறுபேச்சுப் பேசவில்லை. “போலே, போலே” என்று தலையாட்டினார். அண்ணன் காரை எடுத்துக்கொண்டு போனதும் மெஷினில் எண்ணை அழுத்தினார். எட்டிப் பார்த்தேன். 23.

அந்த வாரம் அண்ணன் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! பின்கோட்டிலிருந்து அடித்த பந்து பின்கோட்டுக்கே போய் விழுந்தது. சர்வீஸ் வலையைத் தாண்டியது. ஒரு ஸ்மாஷ்கூட மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. “பாத்தீங்களா, இருபத்தெட்டுன்னா இதான்! கட்டி லா!” என்று ராக்கெட்டை எல்லார் காதருகிலும் தட்டிக் காட்டினார். அடுத்த நாளே மற்ற மூன்று பேரும் இருபத்தெட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நான் போய்ப் பெரியவரிடம் இது நியாயமா என்று கேட்டேன். அவர் ஸ்டிரிங்கை இழுத்துக்கொண்டே சிரித்தார். “டியா செனாங், பாஹு பூன் செனாங்” என்றார். ஆளுக்கும் சுகம், தோளுக்கும் சுகம். பத்துப் பேர் இருபத்தெட்டு கேட்டால் ஒன்பது பேருக்கு இருபத்து மூன்றுக்கு மேல் போடுவதில்லையாம்.

என்னுடையதை மட்டும் நான் கேட்டபடியே இருபத்தாறில் போட்டிருப்பதாகச் சொன்னார்.